செலவு பிரஸ்ஸில் கூடவில்லை, கூட்டத்தில் கூடியது



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையில் "அச்சு வேலைக்குப் பொறுப்பு" என்று பெயர் போடப்பட்ட ஆசிரியர்கள், அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோர், பழைய மாணவர் சங்கத்துக்காரர் ஆகியோர் பொறுமையாக ஒருமுறை வாசியுங்கள். கோபம் வந்தால் என்மீது கோபப்படுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான்.

போன கிழமை 10 ஆம் தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தோம். பரிசளிப்பு விழா பெனருக்குக் கீழே பிரவுண் தாளில் சுற்றிய 7 கட்டுகள் கிடந்தன. ஒரு கட்டுக்கு 200. மொத்தம் 1,400 புரோஷர். இரண்டு கட்டின் அடிப்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

போன வருடம் நாங்கள் அடித்தவை அவை. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பிள்ளை சேர்ப்பதற்காக, அயல் பாடசாலைகளில் ஓஎல் எழுதிய பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு அடித்தது. அடித்தது 2,000. கொடுத்தது 600. மிச்சம் கறையானுக்கு.

ஒரு பையன் கேட்டான்: "சேர், இதுக்குப் பின்பக்கத்துல கணக்குப் போடலாமா?"

திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் நிறைய வர்ணம். பென்சிலால் கீறிப் பார்த்தான். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்கவில்லை. "ஒண்டுக்கும் உதவா சேர்" என்று கட்டுக்குள் திருப்பி வைத்தான்.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

*

முதலில் கணக்கு.

2,000 புரோஷருக்கு 76,000 ரூபா. ஒன்று 38 ரூபா. கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். "1,000 அடிச்சா ஒண்டுக்குக் கூட வரும், 2,000 அடிச்சா மலிவு" என்றார் ஒருவர். சரிதானே என்று நானும் எழுதிக்கொண்டேன்.

இப்போது வேறு விதமாக வகுத்துப் பாருங்கள். 76,000ஐ 600ஆல் வகுங்கள். பிள்ளையின் கைக்குப் போன ஒரு புரோஷர் 126 ரூபாவுக்கும் மேல். நாங்கள் 38 ரூபாவுக்கு வாங்கியதாக நினைத்த பொருளை 126 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறோம். இத்தனைக்கும் அந்தக் குழுவில் நானும் இருந்தேன், இன்னொரு கணித ஆசிரியரும் இருந்தார்!

அடித்த தாளால் விலையை வகுப்பது பிரஸ்காரரின் கணக்கு. அவருக்கு அது சரி. எங்களுக்கு அது சரியில்லை. நாங்கள் வகுக்க வேண்டியது கைக்குப் போய்ச் சேர்ந்த தாளால். "கூட அடித்தால் மலிவு" என்ற பேச்சுக்கு இந்த நாட்டில் எத்தனை அலுமாரி நிறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு பாடசாலையும் பள்ளிவாசலும் சங்கமும் தன் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கட்டும்.

சரி, 1,400 மிஞ்சிவிட்டது, இந்த வருடம் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்க முடியாது. ஏன் தெரியுமா? முன்பக்கத்தில் அதிபரின் போட்டோ. ஜனவரியில் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. உள்ளே ஒரு கல்விப் பணிப்பாளரின் போட்டோ. அவரும் இப்போது வேறு வலயத்தில். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் போன வருடத்தின் இலக்கம்.

முகத்தைப் போட்டால் அந்த முகம் கதிரையில் இருக்கும் வரைக்கும்தான் தாளுக்கு ஆயுள். இது யாரையும் குத்திக் காட்டுவதற்குச் சொல்வதில்லை. இடமாற்றம் அரச ஊழியத்தின் இயல்பு. இயல்பென்று தெரிந்தும் போட்டோம் பாருங்கள், அதுதான் பிழை.

*

அந்த ஆறு மடிப்பில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

9 முகங்கள். 4 வாழ்த்துச் செய்திகள். அந்த நான்கையும் எழுதியவன் நான். அந்த நான்கு பேரும் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்கள். நான்கிலும் "காலத்தின் தேவை" என்ற சொல் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பின்பக்கத்தில் பாதி, அனுசரணையாளரின் விளம்பரம். பாடசாலையின் முன்வாசல் போட்டோ ஒன்று, வட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்ததால் மங்கிப்போனது. எஞ்சிய இடத்தில் பாடங்களின் பெயர்: பொறியியல் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம்.

புரோஷர் கொடுத்துச் சில நாள் கழித்து, ஒரு காலை நேரம், கடலுக்குப் போகிற ஒரு வாப்பா அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் புரோஷர். பொலித்தீன் பையில் போட்டு, கசங்காமல் கொண்டுவந்திருந்தார்.

"சேர், மகள் ஓஎல் எழுதி முடிச்சிட்டா. இந்தப் பாடத்துக்குச் சேரலாமா எண்டு கேக்கத்தான் வந்தன். என்னென்ன பாடத்துல பாஸ் வேணும், எப்ப ஃபோம் குடுக்கணும் எண்டு இதுல எங்க இருக்கு எண்டு காட்டுங்களன். மகளும் தேடினா, கிடைக்கல்ல."

நான் வாங்கிப் புரட்டினேன். எழுதியவனுக்கே தெரியாதா? இல்லாத வரியைத் தேடுவதாக நடித்தேன். ஆறு மடிப்பையும் புரட்டினேன். 9 முகங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்த மனிதரின் மகளுக்கு வேண்டிய இரண்டு வரி இல்லை.

விண்ணப்பத்தின் கடைசித் திகதி முதல்நாள்தான் முடிந்திருந்தது.

"நல்ல தாள் சேர், மகள் அலுமாரிக்குள்ள வெச்சிருந்தா" என்றார் அவர். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது.

அவர் வந்ததால் அதிபரிடம் பேசி அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். வராத வாப்பாமார் எத்தனை பேர்? ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டுப் பாடசாலைப் படி ஏற வெட்கப்பட்ட உம்மாமார் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த பில்லிலும் வராது.

*

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள். செலவு எப்படிக் கூடியது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கூட்டமும் இதே மாதிரித்தான் நடந்திருக்கும்.

நான் கொண்டுபோனது ஏ4 தாளில் ஒரு வர்ணத்தில் ஒரு நோட்டீஸ். "இது என்ன சேர், மையத்து அறிவித்தல் மாதிரி?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாலு வர்ணமாயிற்று.

"போட்டோ இல்லாம எப்படி?" போட்டோ வந்தது. ஒருவரின் போட்டோ வந்தால் மற்றவரின் போட்டோவும் வர வேண்டும். ஒருவரின் செய்தி வந்தால் மற்றவரின் செய்தியும் வர வேண்டும். இடம் போதவில்லை. மூன்றாக மடிப்பதாயிற்று. மெல்லிய தாளில் நாலு வர்ணம் எடுப்பாக இராது என்று 150 ஜீஎஸ்எம் ஆர்ட் தாளாயிற்று. அந்தத் தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் மை வெடிக்கும் என்று மடிப்புக்கோடு போடும் வேலை சேர்ந்தது.

பாருங்கள், ஒரு முகம் உள்ளே வந்தது. அது வர்ணத்தைக் கூட்டியது, வர்ணம் தாளைக் கூட்டியது, தாள் மடிப்பு வேலையைக் கூட்டியது. எல்லாம் முடிந்து பில் வந்தபோது கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: "பிரஸ்காரன் நல்லா அடிக்கிறான்!"

அதற்குப் பிறகுதான் வெட்கமான பகுதி.

பிரஸ் நானா கேட்டது 79,000. நான்கு பேர் போய் ஒரு மணித்தியாலம் நின்று பேரம் பேசி 3,000 குறைத்தோம். வெற்றியோடு திரும்பினோம். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினோம்.

இரண்டு நாள் கழித்து, பிளேட் எல்லாம் போட்ட பிறகு, ஒரு பிரமுகர் தன் போட்டோ பழையது, கோட் போட்ட போட்டோதான் வேண்டும் என்றார். நான் பிரஸ்ஸுக்கு ஓடினேன். வர்ணப் போட்டோ ஒன்றை மாற்றினாலும் அந்தப் பக்கத்துக்கான நாலு பிளேட்டும் புதிதாகப் போட வேண்டும். நானா என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளையள்ற வேலைதானே சேர், நான் பாத்துக்குறன்" என்றார். அதற்கு அவர் சதம்கூட எடுக்கவில்லை.

அவருக்குச் சேர வேண்டிய 3,000த்தையும் பிடுங்கி, நாலு பிளேட்டையும் அவர் தலையில் கட்டினோம். எங்கள் பாடசாலைக்கு அந்த வருடம் உண்மையாக அனுசரணை செய்தவர் அவர்தான். புரோஷரில் அவர் பெயர் ஓரத்தில் எறும்பு அளவில் இருக்கிறது. போட்டோ இல்லை.

*

பிறகு ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து கேட்டேன்: "நானா, உண்மையைச் சொல்லுங்க. நாங்க எங்க பிழை விட்டம்?"

ஒரு வெறுந்தாளை எடுத்து அவர் எனக்குப் படிப்பித்தார். 20 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் படிப்பிக்க வருமா தெரியாது. அவர் சொன்னதை என் சொல்லில் தருகிறேன்.

ஒப்செட்டில் செலவு இரண்டு வகை. மெஷினைத் திருப்புவதற்கு முன்னால் வருவது ஒன்று: வடிவமைப்பு, பிளேட், மெஷினில் வர்ணம் ஒத்துவரும் வரைக்கும் வீணாகும் தாள். 100 அடித்தாலும் 5,000 அடித்தாலும் இது ஒன்றுதான். மற்றது தாளும் மையும். அது எண்ணிக்கையோடு ஏறும். அதனால்தான் 100, 200க்கு ஒப்செட்டில் அடித்தால் கை சுடும். அதற்கு டிஜிட்டல் பிரிண்டோ, பாடசாலையில் பரீட்சைத் தாள் அடிக்கும் ரோனியோ மெஷினோ போதும்.

ஒரு வர்ணத்துக்கு ஒரு பிளேட். நாலு வர்ணத்துக்கு நாலு. இரண்டு பக்கமும் நாலு வர்ணம் என்றால் எட்டு. நாங்கள் கேட்டது எட்டு.

அதிலும் ஒரு வழி இருந்தது. ஏ3 தாளில் நோட்டீஸின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அருகருகே ஒரே பிளேட்டில் வைக்கலாம். ஒரு பக்கம் அடித்து, தாளைப் புரட்டி, அதே பிளேட்டால் மறுபக்கமும் அடித்து, நடுவில் வெட்டினால் ஒரு தாளில் இரண்டு முழு நோட்டீஸ். எட்டு பிளேட் நாலாகும். ஒரே வர்ணம் என்றால் ஒரே ஒரு பிளேட். 1,000 நோட்டீஸுக்கு 500 தாளும் கழிவுக்குக் கொஞ்சமும் போதும். "ஏன் நானா முதல்லயே சொல்லல்ல?" என்றேன். "நீங்க விலையைத்தானே சேர் கேட்டீங்க, வழியைக் கேக்கல்லையே" என்றார்.

தாளின் பாரம் அடுத்தது. ஏ4 தாள் ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜீஎஸ்எம்மில் ஒன்று 5 கிராம். 150இல் ஒன்பதே கால் கிராமுக்கும் சற்றுக் கூட. தாள் எடையில் வருகிற சாமான். எங்கள் களஞ்சியத்தில் கறையானுக்குப் போட்டிருப்பது 13 கிலோ இறக்குமதித் தாள். தகவல் சொல்ல 80 போதும். நாலு பேர் கை மாறிப் போக வேண்டும் என்றால் 100 போதும்.

அளவு அதற்கடுத்தது. "கொஞ்சம் வித்தியாசமா, சதுரமா அடிப்பம்" என்று யாராவது சொன்னால் அவரை எழுப்பி வெளியே விடுங்கள். ஏ4, ஏ5 என்ற அளவில் தாள் மிச்சமில்லாமல் வெட்டுப்படும். வித்தியாசமான அளவில் வெட்டி எறியும் துண்டுக்கும் நாங்கள்தான் காசு கொடுக்கிறோம். கறுப்பு மட்டும் மெலிவாக இருக்கிறதென்றால் மஞ்சள் தாளிலோ இளம்பச்சைத் தாளிலோ கறுப்பு மையால் அடியுங்கள். தூரத்திலிருந்தே தெரியும். ஒரே பிளேட்.

கடைசியாக எழுத்து. நான் போனில் யூனிகோடில் டைப் பண்ணி, வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினேன். பிரஸ்ஸில் இருந்த தம்பியிடம் இருந்ததோ பாமினி எழுத்துருவில் ஓடும் பழைய மென்பொருள். நான் அனுப்பியதை அதற்குள் போட்டால் கட்டம் கட்டமாக வந்தது. பாவம், இரவிரவாக முழுவதையும் திருப்பி டைப் பண்ணினான். பிழை வந்தது. மூன்று முறை புரூஃப் பார்த்தோம். மூன்றாவது முறை நான் பார்த்தது எழுத்தை அல்ல. யாருடைய போட்டோ யாருக்கு மேலே இருக்கிறது என்ற வரிசையைத்தான் பார்த்தேன். அதில் பிழை வந்தால்தானே எனக்குப் பிரச்சினை! கடைசியில் அலுவலகத் தொலைபேசி இலக்கத்தில் ஒரு இலக்கம் பிழையாக அச்சாகியிருந்தது. 600 புரோஷரிலும் பிள்ளைகளை வைத்து ஸ்டிக்கர் ஒட்டினோம்.

ஆகவே, மூன்று பேர் கூடி முழு எழுத்தையும் முடித்து, ஒரே கோப்பாகக் கொடுங்கள். எந்த எழுத்துரு வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். எழுதாத ஒருவரைக் கொண்டு புரூஃப் பாருங்கள். புரூஃபில் இருக்கும் இலக்கத்தை உங்கள் போனில் அடித்துப் பாருங்கள், யார் எடுக்கிறார் என்று. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

நானா கடைசியில் கணக்குப் போட்டார். ஒரு வர்ணம், இரண்டு பக்கம், 80 ஜீஎஸ்எம், 700 தாள். பத்தாயிரத்துக்குள் முடியும். பேரம் பேசாமல்.

மற்ற 66,000 எங்கே போனது? முகத்துக்குப் போனது.

*

சிலர் சொல்வதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"மலிவா அடிச்சா பாடசாலையின்ட மதிப்புப் போயிடும்." பாடசாலையின் மதிப்பு தாளின் பாரத்தில் இல்லை. அந்த வாப்பா திரும்பிப் போன நடையில் எங்கள் மதிப்பு போனது. 150 ஜீஎஸ்எம் அதைத் தடுக்கவில்லை. தெளிவான எழுத்து, போதிய இடைவெளி, பிழையில்லாத தமிழ் உள்ள ஒரு வர்ண நோட்டீஸ் மதிப்பாகத்தான் இருக்கும். வர்ணம் வேண்டிய இடத்தில் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஒரு வரைபடம், ஒரு சான்றிதழ், பல வருடம் வைத்திருக்கும் ஒரு மலர் என்றால் நல்ல தாளில் அடியுங்கள். ஒரு கிழமை ஆயுளுள்ள அறிவித்தலுக்கு எதற்கு?

"அது அனுசரணைக் காசு சேர், பெற்றோரின்ட காசில்ல." அனுசரணைக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. அதே கடைக்காரரிடம்தான் விளையாட்டுப் போட்டிக்கும் போவோம், மலசலகூடக் கதவுக்கும் போவோம். ஒரு முறை கொடுத்தவர் அடுத்த முறை "இப்பதானே தந்தன்" என்பார். அதோடு, எங்களுக்கு வந்தது முழுவதும் அனுசரணையுமில்லை. குறைந்ததை அபிவிருத்திச் சங்கக் கணக்கிலிருந்து எடுத்தோம். அதே தவணையில் பரீட்சைத் தாளுக்கென்று பிள்ளைகளிடம் சல்லி சேர்த்தோம். சல்லி கொண்டுவராத பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசித்தவனும் நான்தான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"இந்தக் காலத்துல எதுக்குத் தாள்? வட்ஸ்அப்ல போட்டா முடிஞ்சுது." பாதி சரி. போன் உள்ளவர்களுக்கு அனுப்புங்கள், அச்சு எண்ணிக்கை குறையும். ஆனால் எங்கள் ஊரில் வாப்பா கடலிலோ கட்டாரிலோ இருப்பார், வீட்டில் ஒரு போன், அதிலும் டேட்டா முடிந்திருக்கும். குரூப்பில் காலை வணக்கத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் போன அறிவித்தலை மேலே தள்ளித் தேட யாருக்கு நேரம்? சுவரில் ஒட்டிய ஒரு தாள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீண் தாள் வேண்டாம் என்பதுதான்.

"பிரஸ்காரர்கிட்ட இன்னும் குறைக்கலாம். கொழும்புல அடிச்சா பாதி விலை." கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசையும், பார்சல் காசையும், பிழை வந்தால் திரும்பிப் போகும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர் நானா பிளேட்டைத் தன் கணக்கில் போட்டது எங்கள் பிள்ளைகளை அவருக்குத் தெரியும் என்பதால். செலவைக் குறைப்பது என்றால் கூலியைக் குறைப்பது என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எங்கள் ஆசையைக் குறைத்தால் செலவு தானாகக் குறையும். அதைக் குறைக்க மனமில்லாதபோதுதான் அடுத்தவரின் கூலியில் கை வைக்கிறோம்.

*

2022ஐ இவ்வளவு கெதியாக மறந்துவிட்டோமா?

அந்த வருடம் மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் 9, 10, 11 ஆம் தரங்களின் தவணைப் பரீட்சையைப் பிற்போட்டார்கள். காரணம் வெள்ளமுமில்லை, நோயுமில்லை. கடதாசி இல்லை. அதே மாதம் இரண்டு நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அதற்கும் காரணம் கடதாசி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. கொப்பி விலை கேட்டு உம்மாமார் கடையிலேயே நின்றுவிட்டார்கள். என் வகுப்பில் பழைய கொப்பியின் மிச்சத் தாள்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்தேன்.

எங்கள் மாகாணத்தில், வாழைச்சேனையில், ஒரு காலத்தில் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த ஆலை இருந்தது. எங்கள் வயல் வைக்கோல் தாளாகி எங்கள் பிள்ளைகளின் மேசைக்கு வந்த காலம் அது. இன்று நாங்கள் அடிக்கும் நோட்டீஸின் தாள் கப்பலில் வருகிறது, டொலரில் வருகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். இந்த நாட்டில் ஒரு தாளைக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டுவது சின்ன விஷயமா?

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று இஸ்லாம் பாடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் போடுகிறோம். அதே பிள்ளை களஞ்சிய அறையில் 13 கிலோ ஆர்ட் தாளைத் தூக்கிப் பார்க்கிறது. எங்கள் பாடத்தை நம்பவா, களஞ்சியத்தை நம்பவா?

அபிவிருத்திச் சங்கக் காசு அமானிதம். அது எங்களில் ஒருவருடைய வாப்பாவின் காசுமல்ல.

*

அடுத்த அச்சு வேலைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டால் (இதை வாசித்த பிறகு போடுவார்களோ தெரியாது) கூட்டத்தில் ஐந்து கேள்வி கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

1. இந்தத் தாள் யாருடைய கைக்குப் போகிறது? எத்தனை கை? பாடசாலை பாடசாலையாக எண்ணி எழுதுங்கள். அதற்கு மேல் 50 அடியுங்கள். "இருக்கட்டுமே" என்று ஒன்றும் வேண்டாம்.

2. அந்தக் கையில் இருப்பவர் கேட்கப்போகும் கேள்வி என்ன? தகுதி, திகதி, இடம், கொண்டுவர வேண்டிய ஆவணம், இலக்கம். இவை முதலில். இடம் மிஞ்சினால்தான் மற்றவை.

3. எது மாறும், எது மாறாது? பாடம், பாடசாலை, வழி மாறாது, அதை அச்சிடுங்கள். திகதியும் வருடமும் மாறும். அதை ரோனியோவில் ஒரு சின்னத் துண்டாக அடித்து உள்ளே வையுங்கள். மிஞ்சினால் அடுத்த வருடமும் கொடுக்கலாம்.

4. முகம் எதற்கு? பதில் வரும் வரைக்கும் அடுத்த விடயத்துக்குப் போக வேண்டாம்.

5. பிரஸ்காரரிடம் விலை கேட்பதற்கு முன் வழி கேட்டோமா? எழுத்தை முடித்துக் கொடுத்தோமா? அவர் சொன்ன நியாயமான விலையைச் சொன்ன நாளில் கொடுத்தோமா?

இதை வாசித்துவிட்டு இது எந்தப் பாடசாலை, அந்தக் கோட் போட்ட பிரமுகர் யார் என்று கமெண்டில் தேட வேண்டாம். எங்கள் பாடசாலை உங்கள் பாடசாலைதான். அந்தக் கூட்டத்தில் கெட்ட மனிதர் ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் "ஒரு போட்டோதானே" என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

அந்த 1,400ஐயும் நாங்கள் எறியவில்லை. ஓவியப் பாட ஆசிரியை நான்கு கட்டு கேட்டு எடுத்துப் போயிருக்கிறார், தாள் வேலைக்கு. மிச்சத்தை ஆசிரியர் அறையில், நாங்கள் தேநீர் குடிக்கும் மேசைக்கு மேலே, கட்டோடு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் அந்த மேசையில்தான்.

கடலுக்குப் போகும் அந்த வாப்பாவின் மகள் இப்போது உயர்தரம் முதலாம் வருடத்தில் படிக்கிறா. அன்று தனக்குக் கிடைக்காத அந்த இரண்டு வரியையும் இந்த வருட நோட்டீஸுக்கு எழுதித் தரச் சொல்லி அவவிடம்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் எல்லோரையும் விட அது அவவுக்குத்தான் தெரியும்.

விரும்பியவர்கள் பகிரலாம். அச்சிட்டுப் பகிர வேண்டாம்.

வஸ்ஸலாம்.